கொல்லிமலையில் இறங்கினேன், ஏறினேன்!

எங்கள் வீட்டில் எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் எனக்கென்று ஒரு உத்தியோகம் காத்திருக்கும். பைக்குக் காவல்! திண்டிவனத்திலிருந்து செஞ்சி முக்கால் மணி நேரப் பயணம். கல்யாணமாகி வந்த இருபத்து நாலு வருஷத்தில் செஞ்சிக் கோட்டைக்கு ஏழெட்டு தடவையாவது போயிருப்பேன். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்த கோட்டையாயிற்றே, வருகிற விருந்தாளிகளை எல்லாம் அங்கேதான் அழைத்துப் போவோம். ஆனால் ராஜகிரி உச்சி எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால் தெரியாது. கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் மர நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, செருப்பு ஜோடிகளை எண்ணிக்கொண்டு, புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, போனவர்கள் எப்போது இறங்கி வருவார்கள் என்று அண்ணாந்து பார்த்துக் கொண்டிருப்பேன். முதலில் கையில் குழந்தை, அப்புறம் இரண்டாவது குழந்தை, அப்புறம் மாமியாருக்குத் துணை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு காரணம் எதுவும் இல்லாமலேயே அந்த வேலை என்னிடம் தங்கிவிட்டது.

போன மார்கழியில், அரையாண்டு விடுமுறைக்கு விழுப்புரத்தில் என் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். எங்கேயாவது அருவிக்குப் போகலாம் என்று பேச்சு வந்தது. "கல்வராயன் மலை போதுமே, பக்கத்திலேயே இருக்கு. பெரியார் அருவின்னா ரோட்டோரமே கார் நிக்கும்" என்றாள் அண்ணி. அண்ணிக்குக் கல்வராயன் மலையை விட்டுக்கொடுக்க மனசு வராது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரியும் வரைக்கும் அது எங்கள் விழுப்புரம் மாவட்டத்து மலை. அண்ணன் மகன்தான், "அதெல்லாம் பாத்தாச்சும்மா, கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் போவோம். ஆயிரம் படிக்கு மேல எறங்கணும்" என்று ஆசை காட்டினான்.

ஆயிரம் படி என்றதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே அண்ணன் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது கண் இருட்டி, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். பரிசோதித்துப் பார்த்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8! பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். மாதாமாதம் அதிகமாகப் போய்க்கொண்டிருந்ததை, 'நாப்பது தாண்டினா அப்படித்தான்' என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தேன். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பயப்படும்படி ஒன்றுமில்லை என்று சொல்லி, போக்கைக் குறைக்க மருந்தும் இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் ஒன்பதைக்கூடத் தொடவில்லை. "மாத்திரையை எப்படிச் சாப்பிடறீங்க?" என்று கேட்டார்கள். "காலையில காப்பியோடதான்" என்றேன். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்கள்! காப்பியும் டீயும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாதாமே. அன்றிலிருந்து மாத்திரைக்கு எலுமிச்சம்பழத் தண்ணீர், காப்பி ஒன்றரை மணி நேரம் கழித்து. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் எல்லாம் பக்கத் துணை. போன ஐப்பசியில் பார்த்தபோது 12.1. அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் என்னவர் மனசில் அந்த 7.8-தான் பதிந்து போயிருந்தது. "நீ மேலேயே உக்காந்துக்க. பையெல்லாம் இருக்கில்ல?" என்றார்.

நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். "மெதுவா போங்க. மார்பு அடைக்கிற மாதிரியோ தலை சுத்தற மாதிரியோ இருந்தா அங்கேயே உக்காந்துடணும், வீம்பு கூடாது" என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். புறப்பட இன்னும் எட்டு நாள் இருந்தது. துணி காயப்போடுகிற சாக்கில் அண்ணன் வீட்டு மொட்டை மாடிக்குக் காலையும் மாலையும் பத்துப் பத்து தடவை ஏறி இறங்கினேன். நான் உட்கார்ந்து போன அதே படிதான்! "ஒரு துண்டைக் காயப்போட எத்தனை தடவை போவே?" என்று அண்ணி கேட்டதற்கு, "காத்துல விழுந்துட்டுதா பாக்கறேன் அண்ணி" என்று சமாளித்தேன்.

விடியற்காலை நாலு மணிக்கு வேனில் புறப்பட்டோம். உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் என்று நெடுஞ்சாலையில் வேன் வழுக்கிக்கொண்டு போயிற்று. ராசிபுரம் தாண்டி மலை அடிவாரமான காரவள்ளிக்கு வந்த பிறகுதான் விளையாட்டு ஆரம்பம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கோரஸாக எண்ணிக்கொண்டே வந்தார்கள். இருபத்தெட்டாவது வளைவில் சத்தம் அடங்கியது, முப்பத்தொன்றில் வேனை நிறுத்தினோம், நாற்பத்து நாலில் மறுபடியும் நிறுத்தினோம். மேலே விவரம் வேண்டாம். சகோதரிகளே, மலை ஏறுவதற்கு முன் வயிறு முட்டப் பூரி கிழங்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். குமட்டல் வருகிற குழந்தையை முன் ஸீட்டில் உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனைப் பார்க்க விடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையும் துண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மேலே சோளக்காடு வந்ததும் காற்றே வேறு மாதிரி இருந்தது. மூவாயிரம், நாலாயிரம் அடி உயரம், மார்கழி மாதம் வேறு. சந்தையில் மலைவாழைத் தார்கள், அன்னாசி, மிளகு என்று கொட்டிக் கிடந்தது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியைப் படரவிட்டு, அதன் நிழலிலேயே காப்பிச் செடி வைத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் இரண்டு வருமானம். கெட்டிக்காரர்கள்!

அன்றிரவு செம்மேட்டில் தங்கினோம். வல்வில் ஓரிக்கு அங்கே சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை இது. ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசாங்கமே அவனுக்கு விழா எடுக்கிறது. நாங்கள் சாப்பிட்ட இடத்தில் ஒரு அம்மாள் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் போட்டார்கள். சாமைச் சோறு பூப்பூவாக இருந்தது. வடிக்கிற பக்குவம் கேட்கப் போய் பேச்சு வளர்ந்துவிட்டது.

அந்த அம்மாள் மலையாளி இனத்தைச் சேர்ந்தவர். மலையை ஆள்பவர்கள் என்ற அர்த்தத்தில் அந்தப் பெயராம், கேரளத்து மலையாளம் இல்லை. எங்கள் கல்வராயன் மலையிலும் இவர்கள்தான். சின்ன வயதில் விடியற்காலையில் எழுந்து சாமையை உரலில் போட்டுக் குத்தினால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும் என்றார். சாமைக்கு உமி கெட்டியாயிற்றே, இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். "கையெல்லாம் காய்ப்புக் காச்சிப் போவும்மா. அப்புறம் ரேஷன் அரிசி வந்துச்சு, மரவள்ளி போட்டா ஜவ்வரிசி மில்லுக்காரங்க காசு குடுத்தாங்க. குத்தற கஷ்டத்துக்குப் பயந்தே சாமையை விட்டுட்டோம்" என்றார். ஒரு தானியம் வயலை விட்டுப் போவதற்கு மழையும் விலையும்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். உலக்கை பிடித்த பெண்ணின் தோள்வலி எனக்குத் தோன்றவே இல்லை! பிறகு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இந்த மலையில் வேலை ஆரம்பித்து, சாமை, தினை, கேழ்வரகு விதைகளைக் காப்பாற்றியதோடு, மகளிர் குழுக்களுக்கு உமி நீக்குகிற இயந்திரமும் கிடைக்கும்படி செய்திருக்கிறது. சாமை மறுபடி அடுப்பங்கரைக்கு வர அந்த இயந்திரமும் ஒரு காரணம். இரண்டு கிலோ சாமை வாங்கிக்கொண்டேன். (பக்குவம்: ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், கொதி வந்ததும் போட்டு, தீயைத் தணித்து மூடிவிட வேண்டும். கிளறக் கூடாது.)

மறுநாள் காலை அறப்பளீசுவரர் கோயில். அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகத்துக்கு உரிய சாமி இவர்தான். பக்கத்து ஓடையில் கெண்டை கெண்டையாக மீன்கள். யாரும் பிடிக்க மாட்டார்கள், பொரி போடுவார்கள். கோயிலுக்கு எதிரேதான் அருவிக்கு இறங்குகிற வழி.

அங்கேதான் சங்கடமும் ஆரம்பித்தது. அண்ணன் மருமகளுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. குழந்தையோடு ஆயிரம் படி இறங்க முடியாது, சரிதான். "நீ குழந்தையை வெச்சுக்கிட்டு கோயில்லயே இரும்மா. அத்தை துணைக்கு இருப்பேன்" என்றாள் அண்ணி. அண்ணிக்கு முழங்கால் வலி. என்னவர், "நீயும் இவங்களோட இரு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பைகளைக் கொண்டு வந்து என் காலடியில் வைத்தார். பழக்க தோஷம்!

மருமகப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்க அத்தை" என்று தலையை ஆட்டிவிட்டுக் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். கண் மட்டும் படிக்கட்டுப் பக்கம் போய் வந்தது. வயது இருபத்து நாலு. எனக்கு ராஜகிரி அடிவாரத்து மர நிழல் ஞாபகம் வந்துவிட்டது.

"ஏங்க, நீங்க போன தடவை ஆபீஸ்காரங்களோட வந்தப்போ இறங்கிப் பாத்துட்டீங்க இல்ல?" என்றேன்.

"ஆமாம். அதுக்கென்ன?"

"அப்போ குழந்தையை நீங்க வெச்சுக்குங்க. பையையும்தான். நானும் இந்தப் பொண்ணும் போயிட்டு வரோம்."

கூட்டத்தில் ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. என்னவருக்குக் கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தில் தெரிந்தது கோபமில்லை, பயம். "உனக்கு வழியில மயக்கம் வந்தா, தூக்கிட்டு வர அங்க வண்டி கிடையாது. தெரியுமில்ல?" என்றார் தணிந்த குரலில். பாவமாக இருந்தது. டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். மொட்டை மாடிக் கதையையும் ஒப்புக்கொண்டேன். அண்ணி, "அதான் அந்தத் துண்டா!" என்றாள்.

மருமகப் பெண் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்தாள். ஆறு மாதம் முடிந்து கஞ்சி சாப்பிடப் பழகிய குழந்தைதான். கேழ்வரகுக் கஞ்சி பிளாஸ்கில் இருந்தது, மசித்துக் கொடுக்க வாழைப்பழமும் இருந்தது. மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிவிடுவது என்று கணக்கு. வெறும் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பச்சைக் குழந்தை என்றால் நானே இந்தப் பேச்சை எடுத்திருக்க மாட்டேன்.

இறங்கத் தொடங்கினோம். ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்று யார் சொன்னார்களோ! முந்நூறு படி இறங்கியதும் தொடை தானாகவே நடுங்க ஆரம்பித்துவிட்டது. இறங்கும்போதுதான் உடம்புப் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்குகிறது. படிகளும் ஒரே அளவு இல்லை. ஒன்று சாண் உயரம், அடுத்தது முழ உயரம். மழைக்காலத்துப் பாசி வேறு. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு காலாக வைத்தால் முழங்காலுக்கு இதமாக இருக்கிறது. நான் சுடிதார் போட்டிருந்தேன். (நாற்பத்தைந்து வயதில் முதல் தடவை! நாத்தனார் பார்க்கவில்லை.) புடவையில் வந்திருந்த ஒரு அம்மாள் கொசுவத்தை ஒரு கையிலும் கம்பியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அருவியைப் பார்ப்பதற்கு முன்னால் சத்தம் வந்தது. கடைசி வளைவு திரும்பும்போதே முகத்தில் சாரல். அப்புறம் பார்த்தேன். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் ஐயாறு அப்படியே ஆகாயத்திலிருந்து கொட்டுகிறது. ஆகாய கங்கை என்று பேர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை. இங்கே விழுகிற தண்ணீர்தான் காட்டு வழியே இறங்கி அந்தப் பக்கம் புளியஞ்சோலையில் வெளியே வருகிறதாம். காற்று திசை மாறும்போதெல்லாம் அருவி முழுவதும் புகையாகிப் பக்கவாட்டில் சாய்ந்தது.

நேராகத் தண்ணீர் விழும் இடத்துக்கு யாரும் போக முடியாது, போகவும் கூடாது. ஓரமாக, காவலுக்கு நின்றவர் காட்டிய இடத்தில் நின்றோம். வேர்த்த உடம்போடு உடனே தண்ணீரில் நிற்க வேண்டாம் என்று பத்து நிமிஷம் பாறையில் உட்கார்ந்துவிட்டுத்தான் போனோம். மருமகப் பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏதோ சத்தமாகச் சொன்னாள். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நானும் பதிலுக்கு ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அரை மணி நேரம் இருந்திருப்போம். திடீரென்று அவள் முகம் மாறிவிட்டது. "சின்னத்தை, போலாம். பால் கட்டுது" என்றாள். செல்போனில் டவர் இல்லை. மேலே குழந்தை அழுகிறதோ என்னவோ. "மாமாவுக்குத் தூங்க வைக்கத் தெரியுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் அவர் தூங்க வைத்து நான் பார்த்ததில்லை. இதை எப்படி அவளிடம் சொல்வது? "தெரியும், தெரியும்" என்றேன்.

ஏற்றம் சாமானியமில்லை. முதல் இருநூறு படிக்கே மூச்சு வாங்கியது. ஐம்பது படிக்கு ஒரு தடவை நிற்பது என்று ஆரம்பித்து, முப்பதாகி, இருபதாகிவிட்டது. அவளோ நிற்க முடியாமல் தவிக்கிறாள். பாதி வழியில் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் முன்னாலேயே போய்விட்டார்கள்.

"நீ போம்மா. குழந்தையைப் பாரு. நான் மெதுவா வரேன்."

"உங்களைத் தனியா விட்டுட்டு எப்படி அத்தை..."

"போன்னா போ. நான் என்ன, எட்டு மாசக் குழந்தையா?"

மனசில்லாமல்தான் போனாள். இரண்டு திருப்பம் தாண்டியதும் அவள் காலடிச் சத்தமும் அடங்கிவிட்டது. தனியே படியில் உட்கார்ந்திருந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், பயமாக இருந்தது. கண் இருட்டுகிறதா என்று மரத்தைப் பார்த்தேன். இலை இலையாகத் தெளிவாகத் தெரிந்தது. தலை சுற்றவில்லை. மார்பு அடைக்கவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், குதிரை ஓட்டம். உப்புச் சர்க்கரை போட்ட எலுமிச்சைத் தண்ணீரை ஒரு மடக்கு, ஒரு மடக்காகக் குடித்தேன். ஐந்து நிமிஷத்தில் குதிரை நடைக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அண்ணன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்ததும் இந்த உட்கார்ந்ததும் ஒன்றில்லை என்று எனக்கே புரிந்தது. அது ரத்தம் இல்லாத களைப்பு. இது வேலை செய்த களைப்பு.

எழுந்து ஏறினேன். கீழே இறங்கி வந்த ஒரு கல்லூரிப் பெண்கள் கூட்டம், "இன்னும் எவ்ளோ தூரம் ஆன்ட்டி?" என்று கேட்டது. "இதோ, பக்கம்தான்" என்று மனசறிந்து பொய் சொன்னேன். என்னிடமும் எல்லோரும் அப்படித்தானே சொன்னார்கள்!

மேலே வந்து சேர்ந்தபோது இறங்கிப் போய் மூன்று மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆகியிருந்தது. முதலில் தெரிந்தது என்னவர்தான். கோயில் மதிலோரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்து கொண்டிருந்தார். தோளில் குழந்தை, வாயில் விரலைப் போட்டுக்கொண்டு அயர்ந்த தூக்கம். சட்டையில் முன்பக்கம் முழுவதும் கேழ்வரகுக் கஞ்சி. மருமகப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டு, எழுப்பவும் மனசில்லாமல், வாங்கவும் முடியாமல் தவித்துக் கொண்டிருந்தாள். "இப்பத்தான் தூங்கினான், சத்தம் போடாதீங்க" என்று எங்களை அதட்டினார். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தலை சுத்திச்சா?"

"இல்ல."

"நெஜமா?"

"நெஜமாத்தான்."

அண்ணி மரத்தடியில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாகத் தூங்கிக் கொண்டிருந்தாள். பைகள் வைத்த இடத்தில் இரண்டு பைதான் இருந்தது. மூன்றாவது, புளியோதரைப் பை, எதிரே மதில்மேல் இருந்தது. அதைச் சுற்றி நாலு குரங்குகள்! தூக்கைத் திறக்கத் தெரிந்த குரங்கை அன்றுதான் பார்த்தேன். என்னவர் குழந்தையைப் பார்த்தாரே தவிர, பையை யார் பார்ப்பது? இருபத்து நாலு வருஷம் நான் காவல் இருந்த பை!

பசிக்கு அங்கிருந்த கடையில் முடவாட்டுக்கால் சூப் குடித்தோம். ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருக்கிற கிழங்கு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிறது. தோலைச் சீவி, துண்டாக்கி இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறார்கள். சுத்த சைவம், ஆனால் ருசி அப்படித் தோன்றாது. முழங்கால் வலிக்கு நல்லது என்று கடைக்காரர் சொல்ல, அண்ணி மூன்று தம்ளர் குடித்தாள். வலி போயிற்றா என்று விழுப்புரம் போகும் வரையில் கேட்டுக்கொண்டே வந்தோம். "சூடா, காரமா இருந்துச்சு. அது போதும்" என்றாள்.

படி இறங்கிய வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும், அதற்கு மறுநாளும்தான் ஆடுசதையும் தொடையும் தன் கணக்கைக் கேட்கும். வெந்நீர் ஒத்தடம், மெல்லிய நடை, அவ்வளவுதான் வைத்தியம். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் மூன்றே மூன்று படி. அதை நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்து எதிர் வீட்டு அம்மாள், "கால்ல என்னங்க, அடியா?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து என்னவர் குரல் வந்தது.

"ஆயிரம் படி ஏறி வந்த காலுங்க அது!"

மாசி பிறந்ததும் செஞ்சிக்குப் போகிறோம். வெயில் ஏறுவதற்குள் ராஜகிரி. கைக்குழந்தையோடு மருமகப் பெண்ணும் வருகிறாள். பைக்குக் காவல் யார் என்று இன்னும் முடிவாகவில்லை.